பக்கத்து சீட்டில் சபாபதி

இன்னும் பதினோரு மணி நேரம் இருபது நிமிஷம் என்று எதிர்ச் சுவரில் இருக்கும் திரை சொல்கிறது. சற்று முன் பார்த்தபோதும் பதினோரு மணி இருபதுதான். நடுவில் கண்ணை மூடினேன், திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு, மனைவி செல்வராணி, நான் பாடம் எடுக்கும் பத்தாம் வகுப்பு பி பிரிவு எல்லாம் வந்து போயின, திறந்தால் ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. வெளியே வெயில். காலை எட்டரைக்கு தோஹாவில் ஏறியபோது அடித்த அதே வெயில். மேற்கே மேற்கே போகிறோம், அதனால் சூரியன் விடாமல் கூடவே வருகிறது, டொரொன்டோவில் இறங்கும்போதும் பிற்பகல்தான் இருக்கும், இயற்பியல் வாத்தியாருக்கு இது தெரியாதா, தெரியும், ஆனால் தெரிவது வேறு, பதினான்கு மணி நேரம் ஒரே வெயிலுக்குள் உட்கார்ந்திருப்பது வேறு. ஜன்னல்களை இறக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஒரு நீல மங்கல், மீன்தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல. நான் மட்டும் என் ஜன்னலை ஒரு விரல் அளவு தூக்கி வைத்திருக்கிறேன். அந்த ஒரு விரல் வெளிச்சம் என் வயிற்றின்மேல் கோடாக விழுந்து, மூச்சு விடும்போதெல்லாம் ஏறி இறங்குகிறது. இடது பக்கம் விமானத்தின் சுவர், வலது பக்கம் கைப்பிடி, நடுவில் நூற்று நாற்பத்தாறு கிலோ. எனக்கு இடுப்பெலும்பு என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. கைப்பிடிக்கு அந்தப் பக்கம் 28 பி, காலி, அதுவும் நான் வாங்கிய சீட்தான். டிக்கெட்டின்படி அதில் என் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அப்பா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

ரோஸ்லினைக் குற்றம் சொல்ல முடியாது. தில்லைநகரில் அவளுடைய டிராவல்ஸில் போய் உட்கார்ந்து, எனக்கு ரெண்டு சீட் போட்டுடுங்க என்று சொன்னவன் நான். நான் குண்டு, ஒரு சீட்டில் அடங்கமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்தாலே தெரியுமே என்று நினைத்தேன். அவளோ மரியாதை தெரிந்தவள், என் முகத்தை மட்டுமே பார்த்தாள், கழுத்துக்குக் கீழே அவள் கண் இறங்கவே இல்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். பெயர் இளமாறன், குடும்பப் பெயர் சபாபதி. நமக்கு ஏது குடும்பப் பெயர், கட்டம் இருக்கிறதே என்று அப்பா பெயரை எழுதியதுதான். ரெண்டு சீட், ரெண்டு பெயர், ரோஸ்லின் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். நான் தேதியைப் பார்த்தேன், நேரத்தைப் பார்த்தேன், பெயரை யார் பார்க்கிறார்கள். சென்னை கவுன்டரில்தான் வெடித்தது. "உங்க கூட வர்ற சபாபதி எங்க சார்?" என்றாள் அந்தப் பெண். "அவர் இறந்துட்டாரும்மா" என்றேன். பதறி எழுந்துவிட்டாள். "ஐயோ, சாரி சார். எப்போ?" "போன வருஷம்." "போன வருஷம் இறந்தவருக்கு ஏன் சார் டிக்கெட் போட்டீங்க?" எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர். அந்த நாற்பது பேருக்கும் கேட்கிறமாதிரி நான் குண்டு, ஒரு சீட்டில் அடங்கமாட்டேன் என்று சொன்னேன். ரோஸ்லினிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். முக்கால் மணி நேரம் போன் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து சீட் காலியாகவே இருக்கும், உங்களுக்குத்தான், ஆனால் பெயரை இப்போது மாற்ற முடியாது, இரண்டு போர்டிங் பாஸையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பாவம் பார்த்து எகானமியில் முதல் வரிசை வேறு கொடுத்தாள், முன்னால் சுவர்தான், கால் நீட்டிக்கலாம் சார் என்று. முதல் வரிசையில் கைப்பிடி தூக்க வராது, சாப்பாட்டுப் பலகையை அதற்குள்தான் மடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தோஹாவில் ஏறியதும் பணிப்பெண் இழுத்துப் பார்த்தாள், நானும் இழுத்துப் பார்த்தேன். விமானம் நிறைந்துவிட்டது, வேறு இடம் இல்லை. ஆக இரண்டு சீட் வாங்கி ஒன்றில் நசுங்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அப்பா தாராளமாக இருக்கிறார்.

நாளை காலை பத்தரைக்கு முகூர்த்தம். என் தங்கை மணிமொழியின் இரண்டாவது பெண் மகிழுக்குக் காது குத்து. பதினோரு மாதக் குழந்தை, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், அந்தத் தாய்மாமன் நான். அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, தொழிற்சங்கக் கூட்டங்களில் மாலை போட்டுக்கொண்டதைத் தவிர வேறெதற்கும் பூ வாங்காதவர், ஆனால் இந்த ஒன்றை மட்டும் விடமாட்டார். சாமி இல்லடா, மாமன் மடி உண்டு என்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. பதினேழு வருஷமாக நானும் செல்வராணியும் அதைப் பேசிப் பேசி, பேசாமலும் இருந்து, இப்போது அது வீட்டில் ஒரு பழைய பீரோ மாதிரி நிற்கிறது, இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகிவிட்டோம். ஆகவே மடி என்றால் இந்த மடிதான், மாமன் மடி. மூத்தவள் இனியாவுக்கு நான்கு வருஷத்துக்கு முன் வைத்திருந்தார்கள். அதற்கு நான் போகவில்லை. விசா ரிஜெக்ட் ஆகிவிட்டது மணி என்றேன். விசா ரிஜெக்ட் ஆகவில்லை.

சொல்லிவிட்டேன், பாருங்கள், மனசுக்குள்தான். விசா வந்தது. பளபளவென்று ஒரு பக்கம் முழுக்க ஒட்டி, இத்தனை வருஷத்துக்குச் செல்லும் என்று போட்டு வந்தது. இப்போது என் சட்டைப் பையில் இருப்பதும் அதே பாஸ்போர்ட், அதே விசா, அதே நான்கு வருஷத்துக்கு முந்திய தேதி. இந்தத் தடவை விசா கிடைச்சிடுச்சு மணி என்று போனில் சொன்னபோது அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை, சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். நாளைக்கு அவள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தால்? அண்ணன் பாஸ்போர்ட்டை எந்தத் தங்கை வாங்கிப் பார்க்கிறாள்? ஆனால் பத்திரமாக வைக்கிறேன் குடு என்று வாங்குவாளே, அவளுக்கு எதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைக்க வேண்டும். ஏன் போகவில்லை? அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பயிற்சி வகுப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனேன், சின்ன விமானம், விசிறி வைத்தது. பெல்ட் எட்டவில்லை. கேட்க வெட்கப்பட்டு, இரண்டு முனையையும் சட்டைக்குக் கீழே விட்டுக் கையால் பிடித்துக்கொண்டேன், மாட்டின மாதிரி. பக்கத்தில் இருந்தவர் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு அரை சீட்டுதாங்க இருக்கு, மீதியை இவர் எடுத்துக்கிட்டாரு, நான் முழு டிக்கெட்டு வாங்கியிருக்கேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஐம்பது நிமிஷம் அந்தப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே போனேன், இறங்கும்போது விரல் நிமிரவில்லை. ஐம்பது நிமிஷமே இப்படி என்றால் இருபது மணி நேரம் என்ன ஆகும் என்று அன்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன், மறுநாள் பொய் சொன்னேன்.

பாஸ்போர்ட் கூரியரில் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். சாயங்காலம் வந்தால் டி.வி. பெட்டி மேல் இருந்தது. கவர் ஒட்டியிருந்ததா, பிரிந்திருந்ததா? இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். கவரைக் கையில் எடுக்கிறேன், அப்பா நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து செய்தி பார்க்கிறார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கவரின் வாய், அங்கே வரும்போது நினைவு வழுக்கிவிடுகிறது, மறுபடி கேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், செருப்பைக் கழற்றுகிறேன், பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறேன், டி.வி. பெட்டி, கவர், கவரின் வாய். ஒட்டியிருந்தது. இல்லை, பிரிந்திருந்தது. விசா ரிஜெக்ட் ஆயிடுச்சுப்பா என்றேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். அந்த அப்படியாவில் என்ன இருந்தது? அதற்குப் பிறகு மூன்று வருஷம் உயிரோடு இருந்தார், ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

"மிஸ்டர் சபாபதி?" பணிப்பெண் குனிந்து நிற்கிறாள், கையில் இரண்டு தட்டு. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து எல்லோரும் என்னைச் சபாபதி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாற்பத்தைந்து வருஷம் இளமாறனாக இருந்தவன் இரண்டு நாளில் அப்பாவாகிவிட்டேன். ஆமாம் என்றேன். இரண்டு தட்டிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது, இரண்டும் சைவம். ரோஸ்லின் புண்ணியத்தில் அப்பாவுக்குச் சைவச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவருக்கு. என் பலகையை இழுத்தால் வயிறு தடுக்கிறது, பாதியில் சரிவாக நின்றுவிட்டது, அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் அப்பா சீட்டின் பலகையை விரித்து இரண்டு தட்டையும் அதன்மேல் வைத்தாள். காலி நாற்காலிக்கு முன்னால் பலகாரத் தட்டு, தண்ணீர், ஒரு துண்டு பப்பாளி. சிரிப்பு வந்துவிட்டது. படையல் வைத்தால் என் பிணம்கூட எழுந்து போய்விடும்டா என்று சொன்னவர் அவர். சாப்பிட்டேன். தண்ணீர் மட்டும் வேண்டாம் என்று வைத்தேன். சென்னையில் ஏறியதிலிருந்து ஒரு மடக்குதான் குடித்திருக்கிறேன், குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் அந்தக் கழிப்பறை, அதன் கதவை வரும்போதே பார்த்துவிட்டேன், செல்வராணியின் பூஜை அலமாரிக் கதவு அதைவிட அகலம். அப்பாவும் டிரிப்பில் தண்ணீர் குடிக்கமாட்டார். லால்குடி வண்டியில் கண்டக்டர், காலை ஐந்தரைக்கு ஏறினால் பத்து மணி வரை தண்ணீர் கிடையாது, நடுவில் இறங்கினா வண்டியை யார் பாக்கறது என்பார். கடைசியில் சிறுநீரகத்தில்தான் வந்தது. நினைத்துக்கொண்டேன், அவருடைய தண்ணீரையும் என்னுடைய தண்ணீரையும் எடுத்து மடமடவென்று குடித்தேன்.

அப்பா மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதைச் சொல்ல வேண்டும். ஆறாவது படிக்கும்போது அவர் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போவேன். மூன்று பேர் உட்காரும் சீட், நான் ஜன்னலோரம், ஒரு நாள் வாளாடி ஸ்டாப்பில் ஏறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆள் ஒருவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நெளிந்தார், நெளிந்துவிட்டு, "கண்டக்டரே, இந்தத் தம்பிக்கு ரெண்டு டிக்கெட்டாப் போடுங்க" என்றார். வண்டியே சிரித்தது. சிரிக்கட்டும். அப்பாவும் சிரித்தார். சிரித்தது மட்டுமல்ல, விரலை நாக்கில் தொட்டு, டிக்கெட் கட்டிலிருந்து நிஜமாகவே இரண்டைக் கிழித்து, "இந்தாங்க சார், ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க வயித்துக்கு" என்று என்னிடம் நீட்டினார். பிள்ளையை வைத்து வேடிக்கை காட்டினால் வண்டியில் சண்டை வராது, அவருக்கு அது தொழில், கூட்டத்தைச் சிரிக்கவைத்தே உள்ளே தள்ளுகிறவர். இறங்கும்போது என் தலையைத் தடவினார்கூட. ஆனால், என் மகன் அவன், ரெண்டு டிக்கெட் இல்ல, பஸ்ஸே அவனுதுதான் என்று அவர் சொல்லியிருக்கக்கூடாதா என்று எனக்கு இருந்தது, முப்பத்துநான்கு வருஷமாக இருக்கிறது, இப்போதும் இருக்கிறது. அந்தப் பக்கம் பார்த்தேன். காலி சீட்டில் நீல வெளிச்சம். வருத்தமா இருந்துச்சுப்பா என்று சொன்னேன், வாய்விட்டுத்தான் சொன்னேன்போல, 28 சி-யில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவள் பஞ்சாபி என்று நினைக்கிறேன். ஏழெட்டு மாதக் குழந்தை, ஆண் குழந்தை, எதிர்ச் சுவரில் மாட்டிய தொட்டிலில் தூங்குவதும் விழிப்பதுமாக இருக்கிறது. விழித்தால் என்னைப் பார்க்கிறது. மகிழும் வீடியோவில் என்னைப் பார்ப்பாள், பார்த்த உடனே அழுவாள், மணி சிரித்துக்கொண்டே போனைத் திருப்புவாள். வீடியோவில் அழுகிறவள் நேரில் மடியில் உட்காருவாளா? முதலில் மடி இருக்கிறதா? உட்கார்ந்தால் என் வயிறு முட்டி வரைக்கும் வந்துவிடுகிறது, மடி என்பது வயிறு முடிந்த பிறகு மீதி இருக்கும் இடம், எனக்கு மீதி ஒரு சாண். கிளம்புவதற்கு முன் ஒத்திகை பார்த்தேன். பத்துக் கிலோ பொன்னி அரிசிப் பையைச் செல்வராணி என் மடியில் வைத்தாள், நாற்காலியில்தான், மணையில் சம்மணம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. பை மெல்ல மெல்ல முன்னால் சரிந்து, முட்டியைத் தாண்டி, பொத்தென்று விழுந்தது. செல்வராணி விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துவிட்டு, "குழந்தை அரிசியில்லீங்க, அது பிடிச்சுக்கும்" என்றாள். பிடித்துக்கொள்ளுமா? ஆசாரி ஊசியோடு கிட்டே வரும்போது திமிறுமே, நாலு பேர் பார்க்க வழுக்கி விழுந்தால்? அப்போது கூட்டத்திலிருந்து யாராவது கதிரவனைக் கூப்பிடுவார்கள். கதிரவன் எங்கள் பெரியம்மா பையன், டொரொன்டோவுக்குப் பக்கத்தில் மிஸ்ஸிசாகாவில் இருக்கிறான், அவனும் மாமன் முறைதான், ஒல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டுப் போட்டோ போடுகிறவன். இனியா அவன் மடியில்தான் உட்கார்ந்திருப்பாள். வேறு யார் இருக்கிறார்கள் அங்கே? போட்டோ எதுவும் மணி அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது. ஒரு மாதம் கழித்து வீடியோவில் இனியாவின் காதில் சின்னதாகச் சிவப்புத் தோடு மின்னியது. அழகா இருக்குடா கண்ணு என்றேன். போனை வைத்துவிட்டுப் போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கதிரவன் ஒரு பாவமும் செய்யாதவன், நான்கு வருஷமாக அவன் ஓடுகிற போட்டோக்களுக்கு ஒரு லைக் கூடப் போட்டதில்லை.

கழிப்பறைக்குப் போய்வந்தேன். அது பெரிய சாகசமாகத்தான் இருந்தது. உள்ளே போய்த் திரும்ப முடியாது என்பதால் வெளியிலேயே எந்தப் பக்கம் பார்த்து நுழைவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும், பின்பக்கமாக நுழைந்தேன், லாரியை ரிவர்ஸ் எடுப்பதுபோல, கதவை மூட மூச்சை இழுத்துப் பிடித்தேன், மூடிவிட்டது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. இதற்காகவா அத்தனை மணி நேரம் தொண்டை காயக் கிடந்தேன்? திரும்பி வந்தபோது மனசு லேசாக இருந்தது, பஞ்சாபிப் பெண் எழுந்து வழிவிட்டாள், நானும் ஒரு வணக்கம் போட்டேன், பொதுவாக எல்லாம் சரியாகிவிடும்போல இருந்தது. திரையில் ஐந்தேகால் மணி நேரம். கீழே பனி, கிரீன்லாந்து என்று வரைபடம் சொன்னது, வெள்ளை வெள்ளையாக முடிவே இல்லாமல். கொஞ்ச நேரத்தில் குழந்தை விழித்து அழுதது. அவள் எழுந்து தூக்கினாள், அவளுக்கும் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையைக்கூட லேசாக நீட்டிவிட்டேன். அவள் கண் என் முகத்தைப் பார்த்தது, பிறகு கீழே இறங்கியது, என் வயிறு, என் முட்டி, முட்டிக்கு மேலே இருந்த அந்த ஒரு சாண், அங்கே ஒரு நொடி நின்றது. புன்னகை செய்தாள். பிறகு பொத்தானை அழுத்திப் பணிப்பெண்ணை வரவழைத்துக் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலை மேலே தூக்கினேன், அவ்வளவு வெயிலும் ஒரேயடியாக உள்ளே வந்தது, இரண்டு வரிசை தள்ளி யாரோ சத்தம் போட்டார்கள், இறக்கிவிட்டேன்.

முன்பின் தெரியாத ஆள், அதனால்தான். யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வாள், செல்வராணியாக இருந்தாலும் தெரியாத ஆம்பளையிடம் குழந்தையைக் கொடுப்பாளா? மாட்டாள். ஆனால் கண் கீழே இறங்கியதே. இறங்கியது. அந்த ஒரு சாணில் நின்றதே. நின்றது. நாளைக்கு மணியின் கண்ணும் அங்கே இறங்கும், அவள் தங்கை, நேராகச் சொல்லமாட்டாள், அண்ணே நீ களைச்சுப்போய் வந்திருக்க, கதிரவன் உக்காரட்டுமே என்று நாசூக்காகச் சொல்வாள், நானும் அதானே, அவனே உக்காரட்டும் என்று சிரிப்பேன். விமானம் லேசாக ஆடியது. பெல்ட் விளக்கு எரிந்தது, எனக்குக் கொடுத்திருக்கும் மஞ்சள் நிற நீட்டு பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். தூங்கினேனா என்று தெரியாது. அப்பா வந்தார். சீட்டில் உட்காரவில்லை, கண்டக்டர் எங்கே உட்காருவார், இருக்கையின் பக்கவாட்டில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டு, தோளில் பை, காதில் பேனா, விரலை நாக்கில் தொட்டு, எங்க எறங்கணும் என்றார். டொரொன்டோ என்றேன். வண்டி அங்க நிக்காதே என்றார். நிக்கும்பா, மணி வீடு என்றேன். கவர் ஒட்டியிருந்துச்சா, பிரிச்சீங்களா, அத மட்டும் சொல்லுங்கப்பா. அவர் என்னைப் பார்க்காமல் பின்னால் யாரிடமோ உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு என்றார். ரெண்டு டிக்கெட் எடுத்தீங்களே அப்ப, ஏம்பா சிரிச்சீங்க என்று கேட்டேன். விசில் ஊதினார். எழுந்துவிட்டேன். திரையில் மூன்று மணி நேரம் பத்து நிமிஷம், பக்கத்தில் காலி சீட், பஞ்சாபிப் பெண் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். அப்பாவிடம் இனிமேல் கேட்க முடியாது என்பது பதினான்கு மாதத்தில் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. கேட்க ஆள் இல்லை. சொல்ல ஆள் இருக்கிறது.

போனை எடுத்தேன். செய்தி மட்டும் அனுப்பலாம், இலவசம் என்று ஏறும்போதே காட்டியிருந்தார்கள். மணி, ஒண்ணு சொல்லணும் என்று அடித்தேன். அழித்தேன். மணி எப்படி இருக்க என்று அடித்தேன், மூன்று மணி நேரத்தில் பார்க்கப்போகிறவளிடம் எப்படி இருக்க என்று எவனாவது கேட்பானா, அதையும் அழித்தேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம். நேரில் சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும், நேரில் போனால் சாம்பார் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஒரே மூச்சில் அடித்தேன், எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை. மணி, போன தடவை விசா ரிஜெக்ட் ஆகல. வந்துடுச்சு. நான்தான் வரல. பிளைட் சீட்டுக்குப் பயந்துட்டேன், பெல்ட் பத்தாது, பக்கத்துல இருக்கறவன் ஏதாவது சொல்லுவான்னு. இப்ப வர்றதும் அதே விசாவுலதான். இனியாவ என் மடில வச்சுக்காதது என் தப்பு, அதுக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மகிழ உனக்கு மனசு இருந்தா குடு. இல்லன்னா கதிரவனே செய்யட்டும், நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன். அனுப்பிவிட்டேன். ஒரு டிக். ஒரே ஒரு டிக். பிறகு இரண்டு. பிறகு இரண்டும் நீலமாகிவிட்டன. படித்துவிட்டாள். டொரொன்டோவில் மத்தியானம் பன்னிரண்டரை, மண்டபத்துக்குப் பூ வாங்கப் போயிருப்பாள், கடையில் நின்று படித்திருப்பாள். எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. எழுதுகிறாள். நின்றது. எழுந்து ஓட முடியாது, ஓடினாலும் எங்கே ஓடுவது, வால் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டியதுதான்.

தெரியும், என்று முதலில் வந்தது.

அப்பா அன்னிக்கே சொல்லிட்டார் என்று அடுத்தது. கூரியர் வந்த அன்னிக்கு மத்தியானமே போன் பண்ணிட்டார். விசா ஒட்டியிருக்கு, உங்கண்ணன் என்ன பண்றான் பாப்போம்னார். சாயங்காலம் நீ ரிஜெக்ட்டுன்ன. மறுபடி போன் பண்ணி, அவனை ஒண்ணும் கேக்காத, அவன்பாட்டுக்கு வரட்டும், மத்த யார் மடிலயும் வைக்காதன்னார்.

அதைப் படித்துக்கொண்டே இருந்தேன். எழுத்துகள் கலங்கின. மத்த யார் மடிலயும். மேலே போனேன், கீழே வந்தேன். மத்த யார் மடிலயும் என்றால்?

இனியாவுக்கு இன்னும் குத்தலண்ணே என்று வந்தது. நீ பாத்தது ஒட்டற தோடு, இங்க கடைல அட்டையா விப்பாங்க. உன் மேல இருந்த கோவத்துல நான் சொல்லல. நீயா சொல்ற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். நாலு வருஷம் ஆக்கிட்ட. மாமா வந்தாத்தான் குத்திப்பேன்னு அவ ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கா.

தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமல் மாதிரி, இருமல் இல்லை. பஞ்சாபிப் பெண் விழித்துக்கொண்டு, எதுவும் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றும் வேண்டாம், என் தங்கை என்றேன், அவளுக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினாள். ஆறு வயசுப் பெண், உயரம் வேறு, இருபது கிலோவுக்குக் குறையாது. ஒருத்திக்கே மடியில் இடமில்லை என்று நான் கிடந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு ரெண்டு பேரும்தான் என்று வந்தது. ஒருத்தி அழுதா இன்னொருத்தி ஓடிடுவா, அதனால ரெண்டையும் சேத்தே பிடிச்சுக்க. உன் மடில எடம் இருக்குல்ல?

கேலி செய்கிறாளா, நிஜமாகக் கேட்கிறாளா? மணியிடம் இரண்டும் ஒன்றுதான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். வேறு என்னென்னவோ எழுத்து விழுந்தது, அழித்தேன், மறுபடி விழுந்தது, மறுபடி அழித்தேன். பிறகு, இருக்கு என்று அனுப்பினேன்.